185 வோல்ட்டில் இஸ்திரிப்பெட்டி

(கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் 31 ஆண்டுகளாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர், கரண்ட் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் இஸ்திரிப்பெட்டியில் 230 வோல்ட், 750 வாட் என்று போட்டிருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தால் மின்தடை 70.5 ஓம் வருகிறது. ராத்திரி ஏழரை மணிக்கு அப்பா மீட்டர் வைத்துப் பார்த்தபோது வோல்டேஜ் 185, கரண்ட் 2.6 ஆம்பியர். பெருக்கினால் 481 வாட்தான். பெட்டியில் தப்பாக எழுதிவிட்டார்களா, என் கணக்கு தப்பா?
*மாணவி, வேலந்தாவளம்*

உன் கணக்கும் சரி கண்ணு, பெட்டியில் எழுதியிருப்பதும் சரி. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உன்னுடையதுதான். புத்தகத்தில் இருக்கும் கணக்கை வீட்டுச் சாமான் மேல் போட்டுப் பார்த்திருக்கிறாய்.

அப்பா அளந்த இரண்டு எண்ணையும் வைத்து இன்னொரு கணக்குப் போடு. 185-ஐ 2.6-ஆல் வகுத்தால் 71.2 ஓம். நீ கண்டுபிடித்தது 70.5. அந்த அரை, முக்கால் ஓம் வித்தியாசம் மீட்டர் காட்டுவதில் வருவது, அதை விட்டுவிடலாம். அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி மாறவே இல்லை. கம்பத்திலிருந்து வந்த வோல்டேஜ்தான் குறைந்திருக்கிறது.

750 வாட் என்று எழுதியதற்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் எழுதியிருக்கிறார்களே, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 230 கொடுத்தால் 3.26 ஆம்பியர் எடுக்கும், அப்போது 750 வாட். உங்கள் வீட்டில் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கம்பி அதே கம்பி என்பதால் ஆம்பியரும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு குறைவையும் பெருக்கும்போது வாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. யூனிபார்ம் பாவாடையின் மடிப்பு நிற்க மாட்டேன் என்கிறதென்றால் அதுதான் காரணம். 481 வாட்டில் பெட்டி சூடேறும், ஆனால் ஈரத்துணி மேல் வைத்ததும் சூடு இறங்கிவிடும், திரும்ப ஏற நேரம் எடுக்கும்.

ஏழரை மணிக்கு ஏன் 185 என்று அடுத்து கேட்பாய். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு வரை வரும் கம்பிக்கும் ஒரு மின்தடை உண்டு. சாயங்காலம் ஊரே விளக்கு, மிக்ஸி, டிவி போடும்போது அந்தக் கம்பியில் ஆம்பியர் கூடுகிறது. ஆம்பியர் கூடினால் கம்பியிலேயே விழுகிற வோல்ட்டும் கூடும். கடைசிக் கம்பத்து வீட்டுக்கு மிச்சம் வருவதுதான் 185.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை வரும் என்கிற இந்த விதியைக் கண்டுபிடித்த ஓம், ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய அப்பா பூட்டுத் தொழிலாளி. நீளநீளமாகச் செப்புக் கம்பிகளை வைத்து அளந்துகொண்டிருந்தவருக்கு முதல் தலைவலியே வோல்டேஜ் நிலையாக நிற்காததுதான். அந்தக் காலத்துப் பேட்டரி அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அந்தச் சூட்டு வித்தியாசத்தில் சின்னதாக, ஆனால் ஆடாமல் அசையாமல் ஒரு வோல்டேஜ் கிடைத்தது. அதில் அளந்த பிறகுதான் விதி கைக்கு வந்தது. 1827-ல் புத்தகமாகப் போட்டார், உள்ளூரில் பெரிதாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது 1841-ல். வோல்டேஜ் ஆடுகிற ஊரில் உட்கார்ந்து நீ போட்ட கணக்கைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

அப்பாவிடம் ஒன்று சொல். ஒயரை வெளியிலிருந்து கவ்விக் கரண்ட் பார்க்கிற கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒற்றை ஒயர்தான் போக வேண்டும். இஸ்திரிப்பெட்டி ஒயரை அப்படியே முழுசாகக் கவ்வினால் போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். 2.6 காட்டியிருக்கிறது என்றால் அவருக்கு அது தெரிந்திருக்கிறது, சந்தோஷம். நான் கடையில் இதற்கென்றே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்று ஒயரும், மேல் இன்சுலேஷன் கெடாமல், தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அளப்பதைப் பெரியவர்களிடம் விட்டுவிடு, கணக்கு உன்னுடையது.

கேள்வி: என் தோட்டத்தில் 600 அடி போரில் 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் ஓடுகிறது. பேனலில் 220 வோல்ட் காட்டினால் 10 ஆம்பியர். 180-க்கு இறங்கினால் 12.5 ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டும் குறையத்தானே வேண்டும் என்கிறான் மகன். மல்டிமீட்டர் வைத்தால் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, அதாவது காயில்) 2.5 ஓம். 220-ஐ அதனால் வகுத்தால் 88 ஆம்பியர் வருகிறது. எதை நம்புவது? இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை காயில் போய்விட்டது.
*தென்னை விவசாயி, எருத்தேம்பதி*

ஐயா, பேனலில் இருக்கும் ஆம்பியர் மீட்டரை நம்புங்கள். மகன் சொன்னது இஸ்திரிப்பெட்டிக்குப் பொருந்தும். கம்பி சூடாகிற வேலை மட்டும் செய்கிற சாமான்களுக்கு அந்த வகுத்தல் சரியாக வரும். மோட்டாருக்கு வராது.

ஸ்விட்ச் போட்ட உடனே அந்த முள்ளைப் பாருங்கள். ஒரு துள்ளலில் கோடி வரைக்கும் போய், ஒரு நொடிக்குள் திரும்பி வந்து 10-ல் நிற்கும். அந்த முதல் துள்ளலில் மோட்டார் இன்னும் சுற்றவில்லை. சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சுற்ற ஆரம்பித்ததும் வைண்டிங்குக்குள்ளேயே ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாகி, வருகிற வோல்டேஜைத் தடுத்து நிற்கிறது. அந்தத் தடுப்பு மல்டிமீட்டரில் தெரியாது. மல்டிமீட்டர் பார்ப்பது சும்மா கிடக்கிற செப்புக் கம்பியின் நீளத்தையும் பருமனையும் மட்டும். அதனால்தான் 88 வந்தது. அந்த 2.5 ஓம் உதவாத எண் என்று நினைக்காதீர்கள், கீழே அது வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏன் ஏறுகிறது என்பது. 600 அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்குகிற வேலை, பேனலில் 220 இருந்தாலும் 180 இருந்தாலும் ஏறக்குறைய அதே வேலைதான். 220-ஐ 10-ஆல் பெருக்குங்கள், 2200. 180-ஐ 12.5-ஆல் பெருக்குங்கள், 2250. கிட்டத்தட்ட சமம் பாருங்கள். வோல்ட்டில் விட்டதை மோட்டார் ஆம்பியரில் பிடிக்கிறது.

இந்த 2200 அப்படியே வாட் இல்லை. ஏ.சி. மோட்டாரில் பவர் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்கிற எண், அதாலும் பெருக்க வேண்டும். 0.85 என்று வைத்தால் 1870 வாட். ஒரு எச்.பி. 746 வாட், உங்கள் ஒன்றரை எச்.பி. 1119 வாட். மோட்டார் முழு வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 750 வாட் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. வைண்டிங்கில் கொஞ்சம், இரும்பில் கொஞ்சம், உரசலில் கொஞ்சம், கேபிளில் நிறைய.

வைண்டிங் சூட்டை முதலில் பார்ப்போம். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, ஓமால் பெருக்க வேண்டும். 10 ஆம்பியரில் 100 பெருக்கல் 2.5, அதாவது 250 வாட். 12.5 ஆம்பியரில் 390 வாட். ஆம்பியர் ஏறியது கால் பங்கு, சூடு ஏறியது பாதிக்கு மேல். போருக்குள் இருக்கிற மோட்டாருக்கு வியர்த்தால் துடைக்க ஆள் இல்லை. எண்ணெய் மோட்டாராக இருந்தால் பிரிக்கும்போதே தெரிந்துவிடும். எண்ணெய் டிகாக்ஷன் மாதிரி கறுத்து வரும், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய காயில் கரியாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் எனாமல் தூளாக உதிரும். நான் முப்பது வருஷமாக முகர்ந்துகொண்டிருக்கும் வாசனை அது.

சரி, கேபிளுக்கு வருவோம். நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாத இடம் அதுதான். 600 அடி என்றால் 183 மீட்டர். பேனல் வரைக்கும் சேர்த்து 200 மீட்டர் என்று வையுங்கள். கரண்ட் போய் வர வேண்டும், அதனால் 400 மீட்டர் செம்பு. உங்கள் கேபிள் 2.5 ஸ்கொயர் எம்.எம். என்று வைத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம், ஆக உங்கள் நீளத்துக்கு 3.2 ஓம். வைண்டிங்கின் ஓமைவிடக் கேபிளின் ஓம் அதிகம்! 10 ஆம்பியர் ஓடும்போது கேபிளிலேயே 32 வோல்ட் விழுந்துவிடும், 320 வாட் கிணற்றுக்குள் வீணாகச் சூடாகும். மேலே 220 காட்டினால் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 188. மேலே 180, 12.5 ஆம்பியர் என்கிறபோது கேபிளில் 40 வோல்ட் போய், கீழே 140தான். 140 வோல்ட்டில் எந்தக் காயில் தாங்கும்?

4 ஸ்கொயர் கேபிள் போட்டால் கிலோமீட்டருக்கு 5 ஓம், உங்களுக்கு 2 ஓம், 10 ஆம்பியரில் 20 வோல்ட் நஷ்டம். 6 ஸ்கொயர் என்றால் 13 வோல்ட் சொச்சம். 6 ஸ்கொயர் விலை கூடுதல்தான். ஆனால் ஒரு தடவை மோட்டாரை மேலே எடுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்குகிற கூலியையும், அந்தப் பத்து நாள் தென்னை காய்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு விவசாயியின் பணத்தில். கடை போட்டு மூன்றாவது வருஷம் வடகரப்பதிப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு ஒரே மோட்டாரை இரண்டு தடவை கட்டிக் கொடுத்தேன். முதல் தடவை பழைய கம்பி சரியில்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவை லைன் சரியில்லை என்றேன். மூன்றாவதாக மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்கே போனேன். 1.5 ஸ்கொயர் கேபிள், நடுவில் இரண்டு ஜாயிண்ட். கணக்குப் போட ஒரு பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கம் போதுமானதாக இருந்தது. மூன்றாவது ரீவைண்டிங்குக்குக் கூலி வாங்கவில்லை, கேபிளை மட்டும் மாற்றச் சொன்னேன். அந்த மோட்டார் அப்புறம் பதினோரு வருஷம் ஓடியது. முதல் தடவையே கேபிளை அளந்திருந்தால் அவருக்கு ஒரு வெள்ளாமை மிச்சமாகியிருக்கும். அது எனக்கு இன்றைக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து காயில் கட்ட யார் வந்தாலும் போர் எத்தனை அடி, கேபிள் எத்தனை ஸ்கொயர், பேனலில் ஓடும்போது எத்தனை வோல்ட் என்று மூன்றையும் கேட்காமல் மோட்டாரைப் பிரிப்பதில்லை.

கேபிள் மாற்றும் வரை பேனலில் 200-க்குக் கீழே போனால் ஓட்டாதீர்கள். லோ வோல்டேஜ் கட் ஆஃப் இருந்தால் அதில் செட் செய்யுங்கள். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடை மோட்டார் பிளேட்டில் போட்ட ஆம்பியருக்கு மேல் திருகி வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று திருகி வைப்பது நம் பக்கத்தில் பல தோட்டங்களில் நான் பார்க்கிற பழக்கம்.

கேள்வி: புதிதாக வாங்கிய 2000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போட்டால் பிளக் கை வைக்க முடியாமல் சுடுகிறது. ஹீட்டர் பழுதா?
*இல்லத்தரசி, முதலமடை*

அம்மா, ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கும். இதைப் படிக்கிற இன்றைக்கே அந்தப் பிளக்கில் போடுவதை நிறுத்துங்கள்.

2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். சின்ன பிளக், சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு உள்ளது. அதில் கன்வெர்ட்டர் பிளக் செருகி ஓட்டினாலும் உள்ளே அதே 6 ஆம்பியர் சாக்கெட்தான். பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டாக இருந்தும் சுடுகிறது என்றால் உள்ளே லூஸ் கான்டாக்ட். திருகு அரைச் சுற்று தளர்ந்தாலோ, பித்தளை நாக்கு விரிந்துபோனாலோ அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிடும். அரை ஓம்தானே என்று தோன்றும். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி அதில் பாதி எடுங்கள், 38 வாட். என் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் 35 வாட். அதைப் பழுக்கவைத்து உங்கள் ஸ்விட்ச் பெட்டிக்குள் வைத்து மூடியதும் இதுவும் ஒன்று. ஃபியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. பிளாஸ்டிக் உருகித்தான் உங்களுக்குத் தெரியும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று தனியாக 4 ஸ்கொயர் ஒயர், எர்த் எல்லாம் போடச் சொல்லுங்கள். பழைய சாக்கெட்டை அவர் கழற்றியதும் வாங்கிப் பாருங்கள், ஒரு பக்கம் பழுப்பேறியிருக்கும்.

கேள்வி: 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம். வகுப்பில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினால் 65 ஓம் வருகிறது. மாணவர்கள் முன்னால் என்ன பதில் சொல்வது?
*ஆசிரியர், கோபாலபுரம்*

இரண்டும் சரி என்று சொல்லுங்கள் சார். 65 ஓம் அணைந்திருக்கிற பல்புக்கு, 882 ஓம் எரிகிற பல்புக்கு. டங்ஸ்டன் இழை வெள்ளையாகப் பழுக்கும்போது அதன் தடை பதின்மூன்று, பதினான்கு மடங்கு ஏறிவிடுகிறது. நிக்ரோமுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு, அதனால்தான் மேலே வேலந்தாவளத்துப் பெண்ணின் இஸ்திரிப்பெட்டிக் கணக்கு அவ்வளவு ஒழுங்காக வந்தது.

இதையே வைத்து மாணவர்களைக் கேளுங்கள்: ஸ்விட்ச் போட்ட முதல் நொடித் துணுக்கில் அந்தப் பல்பு எத்தனை ஆம்பியர் இழுக்கும்? 230-ஐ 65-ஆல் வகுத்தால் மூன்றரை. எரிய ஆரம்பித்த பிறகு 0.26. குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதுதான் 'டிக்' என்று போகும், எரிந்துகொண்டிருக்கும்போது போவது அபூர்வம். ஏன் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகுதான் ஓம் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைன் இருக்கும்போது ஓம் ரேஞ்சில் குச்சியை வைத்து மீட்டர் வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்ட பையனை எனக்குத் தெரியும், என் கடையில் வேலை பழகியவன்.

கேள்வி: 9 வாட் எல்.இ.டி. பல்பைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் பூஜ்யம் காட்டுகிறது. மீட்டர் பழுதா அண்ணா?
*ஐ.டி.ஐ. மாணவர், சித்தூர்*

இல்லை தம்பி. 9-ஐ 230-ஆல் வகுத்தால் 0.04 ஆம்பியர்தான். அவ்வளவு சின்னது கிளாம்புக்குப் பிடிபடாது. பல்பு ஒயரில் ஒற்றையை மட்டும் எடுத்து கிளாம்ப் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்று. மீட்டர் பத்து மடங்காகக் காட்டும், வந்ததைப் பத்தால் வகுத்துக்கொள். 0.04-க்குப் பதில் 0.07, 0.08 என்று வந்தால் பயப்படாதே. மலிவான எல்.இ.டி. பல்புகளில் பவர் ஃபேக்டர் 0.5 பக்கம்தான் இருக்கும். 230-ஐ 0.078-ஆல் பெருக்கி, 0.5-ஆலும் பெருக்கிப் பார், உன் 9 வாட் வந்துவிடும். சுற்றும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடு.